நல்லா இருக்கேன் என்று எழுதிய பெண்கள்

அந்த மருத்துவமனையில் எல்லோருக்கும் அவர் லினன் அக்காதான். தலைமை மருத்துவர் முதல் வாயிற்காவலர் வரை வேறு பெயர் சொல்லி அழைத்தவர் எவருமில்லை. கீழ்த்தளத்தில் சலவைக்கூடத்தை ஒட்டியிருந்த நீண்ட அறைதான் துணிக்கிடங்கு; மருத்துவமனைப் பேச்சில் லினன் அறை. சலவையிலிருந்து சூடாக வந்து விழும் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் அறுவை அரங்கின் பச்சைத் துணிகளையும் பிரித்து, கிழிசல் பார்த்து, மடித்து, எந்தப் பிரிவுக்கு எது என்று அடுக்கி அனுப்புவது அவருடைய வேலை.

விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிர்முனையைப் பிடிக்கும் பெண்ணுக்கு ரேடியோ என்று பெயர். நிறுத்தும் பொத்தான் வைக்காமல் செய்த ரேடியோ என்பது செவிலியர்கள் தந்த விளக்கம். இருவரும் மூலைகளைப் பிடித்துக்கொண்டு விலகி நின்று இழுத்து உதறுவார்கள். பிறகு நடந்து வந்து மூலையோடு மூலை சேர்ப்பார்கள். பக்கத்து அறை இயந்திரங்களின் இரைச்சலில், விலகி நிற்கையில் பேசினால் காதில் விழாது. கைகள் வந்து சேரும் நேரத்தில்தான் பேச முடியும். ஆகவே எந்தக் கதையும் அங்கே துண்டு துண்டாகத்தான் சொல்லப்பட்டது. நெருங்கும்போது ஒரு வாக்கியம், விலகும்போது அதைப் பற்றிய யோசனை. வருடக்கணக்கில் இப்படிப் பேசிப் பழகியதால், ஒரு வாக்கியத்துக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிடும் சுருக்கம் லினன் அக்காவின் பேச்சில் படிந்துவிட்டது. ரேடியோவுக்கு மட்டும் அது கடைசிவரை படியவில்லை.

லினன் அக்கா படிக்கத் தொடங்கியது மகள் கல்யாணமாகிப் போன பிறகு. மாப்பிள்ளைக்குத் தொலைவில் ஒரு குளிர்நாட்டில் கணினி வேலை. ஒரே பெண், போய் இறங்கிய நாளிலிருந்து கைப்பேசித் திரையில் அவளுடைய முகம் தெரியும், முகத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சுவர் தெரியும். அதற்கு மேல் அந்த நாட்டைப் பற்றி அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. காலையில் எழுந்தால் எந்தப் பக்கம் ஜன்னல், துவைத்த துணியை எங்கே காயப்போடுகிறாள், பால் பொங்கி வழிந்தால் எதை எடுத்துத் துடைக்கிறாள் என்று எதுவும் மனக்கண்ணில் வரவில்லை. பெற்ற பெண்ணைச் சுவரில்லாத, தரையில்லாத இடத்தில் விட்டுவிட்டு வந்ததுபோல ஒரு கலக்கம் அவருக்குள் இருந்துகொண்டே இருந்தது.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பொது நூலகம். ஒரு நாள் வேலை முடிந்து திரும்பும்போது உள்ளே போய், அந்த நாட்டைப் பற்றிய புத்தகம் வேண்டும் என்று கேட்டார். அதிகம் பேசாத ஓர் அம்மாள்தான் நூலகர். தடித்த ஒரு நூலை எடுத்துக் கொடுத்தார். ஆறுகள், மலைகள், மழையளவு, ஏற்றுமதி. லினன் அக்கா அதைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, மறுவாரமே திருப்பிக் கொண்டுவந்தார்.

“இதுல நாடு இருக்குங்க. வீடுதான் ஒண்ணும் இல்ல.”

நூலகர் அவரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கடைசி அலமாரிக்கு அழைத்துப்போய், அந்த நாட்டுப் பெண் ஒருத்தி தன் வாழ்க்கையைத் தானே எழுதி, தமிழில் பெயர்க்கப்பட்டிருந்த நூலை எடுத்துத் தந்தார். ரயில்பாதைத் தொழிலாளி ஒருவரின் மகள் எழுதியது. பனிக்காலத்தில் கொடியில் போட்ட துணிகள் பலகைபோல விறைத்துப்போகும் என்றும், அப்பாவின் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தால் கைகளை விரித்துக்கொண்டு அது தானே நிற்கும் என்றும், குழந்தைகள் அதன் கையைப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள் என்றும் அதில் இருந்தது. காலமெல்லாம் துணியோடு புழங்கியவர் அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். முதன்முதலாக அந்த நாட்டுக்குள் ஒரு வீடு முளைத்தது.

அடுத்த அழைப்பில் மகளுக்கு அறிவுரைகள் பறந்தன. பனி விழுவதற்கு முன்பே கரி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர்க் குழாய்மேல் பழந்துணியைச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். வாசலில் ஒரு மண்வாரி எப்போதும் இருக்க வேண்டும். மகள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் இருப்பது அடுக்குமாடியில். சுவருக்குள்ளிருந்தே சூடு வருகிறது. கரி என்ற ஒன்றை அந்த ஊரில் அவள் கண்ணால் கண்டதில்லை. மாப்பிள்ளையும் திரைக்குள் தலையை நீட்டினார்.

“அத்தை, கரி வாங்கத்தான் கிளம்பிட்டிருக்கேன். குதிரைவண்டி இன்னும் வரல.”

புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தபோதுதான், அது தம் தாயார் சிறுமியாக இருந்த காலத்து வாழ்க்கை என்பது லினன் அக்காவுக்குத் தெரிந்தது. ஆண்டைப் பார்க்காமல் படித்திருக்கிறார். அன்றிலிருந்து குடும்பத்துக்குள் குதிரைவண்டி ஒரு நிரந்தர வேடிக்கையாயிற்று. லினன் அக்காவின் கணவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுவதும் மாடிகளுக்கிடையே தொங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், புத்தகமும் கையுமாக மனைவி. அடுப்பில் இருப்பது எந்த நாட்டில் வேகிறது என்று கேட்பார். வெந்ததும் கப்பலில் வரும் என்பார் இவர்.

கேலி நடந்துகொண்டே இருந்தது. படிப்பும் நடந்துகொண்டே இருந்தது. மகளின் நாட்டைப் பற்றி அந்த அலமாரியில் வேறு நூல் இல்லை. ஆனால் பெண்கள் தங்கள் வாழ்வைச் சொன்ன நூல்கள் வரிசையாக இருந்தன. நூல்நிலையத்தின் அந்த ஒரு மூலையில், நாடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. மணற்காட்டில் கூட்டத்தோடு நடந்து, நடந்த வழியிலேயே பிள்ளை பெற்றவள்; நிலக்கரிச் சுரங்கத்தில் கணவனைப் பறிகொடுத்து, அதே சுரங்கத்தில் விளக்குத் துடைக்கும் வேலைக்குப் போனவள்; தீவு ஒன்றில் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொண்டவள்; பெருநகரத்தின் தொலைபேசி நிலையத்தில் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்துவிட்டு வீட்டில் பேச ஆளில்லாமல் இருந்தவள். ஒவ்வொருத்தியும் விரிப்பு விரிப்பாக ரேடியோவைச் சென்றடைந்தாள். சுரங்கத்துப் பெண்ணுக்காக ரேடியோ அழுததில், மடித்துக்கொண்டிருந்த விரிப்பு மறுபடி சலவைக்குப் போக வேண்டியதாயிற்று. கலங்கரை விளக்கத்துப் பெண்ணின் கதையில் புருஷன் என்னதான் செய்தான் என்று அவள் கேட்டாள். அவன் சம்பளம் வாங்குவான், தூங்குவான், விளக்கு ஏற்றுவது இவள் என்றார் லினன் அக்கா.

“அப்ப அது நம்ம ஊருதான் அக்கா. புத்தகத்துல தப்பாப் போட்டுட்டாங்க.”

லினன் அக்கா எதையும் மேலோட்டமாகப் படிப்பவர் அல்லர். துணியைப் பார்ப்பதுபோலவே பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அப்படிப் பார்த்ததில் ஒன்று அவருக்குப் புலப்பட்டது. இந்தப் பெண்களில் பலர் பிறந்த வீட்டை விட்டு வெகுதூரம் போனவர்கள். அங்கிருந்து தாய்க்கு எழுதியதையும் தங்கள் நூலில் சேர்த்திருந்தார்கள். அழுது தீர்த்த நாளிலும் அடிபட்ட நாளிலும் அவர்கள் எழுதியது ஒன்றேதான்: நல்லா இருக்கேன். அதன் பிறகு வானிலை. அதன் பிறகு, ஊரில் அவரவர் எப்படி இருக்கிறார்கள் என்ற விசாரிப்பு. தன்னைப் பற்றி மட்டும் ஒரு சொல் இருக்காது. பாலையிலும் தீவிலும் பனியிலும் இதே வரிசை. இதை அவர் சொன்னபோது, எல்லோருக்கும் ஒரே ஆள் எழுதிக் கொடுத்திருப்பாள் என்று ரேடியோ தீர்ப்புச் சொன்னாள்.

இதற்கிடையில் மகளின் பேச்சு மாறியிருந்தது. முன்பெல்லாம் அவள் அழைத்தால் குறைப்பட்டுக்கொள்வாள்: குளிர் எலும்புக்குள் போகிறது, காய்கறியில் ருசி இல்லை, அம்மா ஏன் இன்னும் அந்தப் பழைய செருப்பையே போட்டுக்கொண்டு அலைகிறாய். இப்போது அந்தக் குறைகளெல்லாம் நின்றுவிட்டன. குரல் மென்மையாகிவிட்டது. ரேடியோவின் முழங்கால் வலி எப்படியிருக்கிறது, அடுத்த வீட்டுக்காரரின் மகனுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்டாள். பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அப்பாவுக்கு ஒரே பெருமை. அம்மாவும் பெருமைப்பட்டார். பண்டிகைக்கு ஊர் வருவதாக இருந்தது தள்ளிப்போனபோதுகூட, மாப்பிள்ளைக்கு வேலை அதிகம் என்று அவள் சொன்ன காரணம் நியாயமாகவே பட்டது.

ஒரு நாள் மதியம், உணவு இடைவேளையில், அழுக்குத் துணி மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்து லினன் அக்கா புத்தகத்தைப் பிரித்தார். கல்யாணமாகி ஒரு தீவுக்குப் போன பெண்ணின் கதை. அவளுடைய கணவன் அவளை அடிப்பதில்லை. வெளியே விடுவதில்லை, அவ்வளவுதான். அக்கம்பக்கத்தாரிடம் அவனைப் போல இனிமையாகப் பேசுபவர் கிடையாது. ஜன்னல் வழியாகத் தெரியும் பழமரம் ஒன்றுதான் அந்தத் தீவில் அவள் பார்த்தது. அந்த மரம் பூத்திருக்கிறது என்று அவள் தாய்க்கு எழுதுகிறாள். வீட்டு ஆடு குட்டி போட்டதா என்று கேட்கிறாள். தாய் அதைத் தெருவெல்லாம் படித்துக் காட்டி மகிழ்கிறாள்.

லினன் அக்காவின் கையிலிருந்த கவளம் வாய்க்குப் போகவில்லை. மகள் கடைசியாகத் தன்னைப் பற்றிச் சொன்னது எப்போது என்று யோசித்துப் பார்த்தார். நினைவில் ஒன்றும் அகப்படவில்லை.

அன்று மாலை கணவரிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கட்டிக் கொடுத்த இடத்தைப் பற்றி இப்படியா பேசுவது, மாப்பிள்ளை வாய் நிறைய அத்தை அத்தை என்கிறாரே, ஒரு கதைப் புத்தகத்தைப் படித்துவிட்டு ஒரு மனுஷன்மேல் பழி போடலாமா என்று அடுக்கினார். கடைசியில் அவர் சொன்னதுதான் தைத்தது.

“அன்னிக்குக் கரி வாங்கச் சொன்னதும் புத்தகத்தைப் படிச்சுட்டுத்தானே?”

உண்மைதான், ஒருமுறை புத்தகத்தை நம்பி, இல்லாத கரியை மகள் வீட்டில் குவித்தவர் லினன் அக்காதான். இந்த முறையும் இல்லாத துயரத்தைக் குவிக்கிறாரா? குவித்துவிட்டு அதை வாய்விட்டுச் சொன்னால், நன்றாக இருக்கும் ஒரு வாழ்க்கையில் தாமே கல்லைப் போட்டவர் ஆவார். சொல்லாமல் விட்டால்? தெருவெல்லாம் படித்துக் காட்டிய அந்தத் தாயின் முகம் எங்கு திரும்பினாலும் எதிரில் வந்து நின்றது.

மறுநாள் கிடங்கில் ரேடியோவிடம் சொன்னார், நான்கைந்து விரிப்புகளில். வேடிக்கையாக ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தார். ரேடியோ விலகிப் போனாள், உதறினாள், திரும்பி வந்தாள். மூலைகள் சேர்ந்தபோது, அவரைப் பார்க்காமல் துணியைப் பார்த்துச் சொன்னாள்.

“நானும் எங்கம்மாகிட்ட நல்லா இருக்கேன்னுதான்க்கா சொன்னேன். அவங்க சாகிற வரைக்கும்.”

பிறகு அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள்.

லினன் அக்கா தமக்குள் ஒரு முடிவுக்கு வந்தார். நல்லா இருக்கியா என்று கேட்டால் உலகத்தின் எந்த மூலையிலும் ஒரே பதில்தான் வரும். ஆகவே அதைக் கேட்கக் கூடாது. நூலகத்தில் முதன்முதலாக எதைத் தேடிப் போனாரோ அதைத்தான் கேட்க வேண்டும்: வீடு.

விடுமுறை நாளின் காலையில் அழைப்பு வந்தது. கைப்பேசியை மேசைமேல் டம்ளரில் சாய்த்து வைத்திருந்தார். கணவர் சற்றுத் தள்ளி, செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார். மகள் சிரித்தபடி எல்லோரையும் விசாரித்தாள். அம்மா பேச்சோடு பேச்சாக, துவைத்த துணியை எங்கே போடுகிறாய் என்று கேட்டார். அறைக்குள்ளேயே என்றாள். கீழே கடை இருக்கிறதே, யார் போய் வாங்குவது என்று கேட்டார். அவரே வரும்போது வாங்கி வந்துவிடுவார் என்றாள். வெளியே போனால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், சாவி இல்லாமல் உள்ளே வர முடியாது என்று முன்பு ஒரு தடவை சொன்னாயே என்றார் அம்மா.

“உன்கிட்ட ஒரு சாவி இருக்குல்ல?”

மகளின் கண்கள் திரைக்கு வெளியே ஒரு பக்கமாகப் போய்த் திரும்பின.

“இன்னிக்கு வெயில் நல்லா அடிக்குதும்மா,” என்றாள்.

லினன் அக்கா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அதே நேரத்தில் பக்கவாட்டிலிருந்து மாப்பிள்ளையின் குரல், வழக்கமான உற்சாகத்தோடு வந்தது.

“அத்தை, இந்த வாரம் எந்த நாடு?”

விரிப்பின் எதிர்முனையில் இருப்பவளின் கைகள் வந்து சேரும் வரை காத்திருந்து பேசிப் பழகிய அந்த நிதானம் எங்கிருந்தோ வந்தது. ஒரு தீவுங்க மாப்பிள்ளை என்றார். அவர் சிரித்துக்கொண்டே, குதிரைவண்டி உண்டா என்று கேட்டார். உண்டு என்று சொல்லிவிட்டு, லினன் அக்கா மகளைப் பார்த்துக் கதை சொல்லத் தொடங்கினார். அந்த வீடு, அந்த ஜன்னல், பூத்த மரம், தாய் தெருவில் படித்துக் காட்டியது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மகளின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் அசையவில்லை.

“எனக்குக் கோவமெல்லாம் அந்த அம்மா மேலதான். பெத்தவளுக்கு அது புரிய வேணாமா?”

“அப்புறம் அந்தப் பொண்ணு என்னம்மா பண்ணுச்சு?”

“இன்னும் முடிக்கல. அவளுக்குத் திரும்பி வரணும்னு இருக்கா இல்லையான்னே தெரியல. உனக்கு என்ன தோணுது?”

கதைக்குக்கூட ஆலோசனைக் கூட்டமா என்று மாப்பிள்ளை எங்கோ எழுந்து நடந்தபடி சிரித்தார். மகள் திரைக்கு இன்னும் நெருங்கி வந்தாள்.

“வரணும்னுதான் இருக்கும்மா,” என்றாள். “ஆனா வந்தா சேத்துக்குவாங்களா? அவங்கப்பா என்ன சொல்வாரோன்னு பயமா இருக்கும்.”

செய்தித்தாள் மடிக்கப்படும் ஓசை கேட்டது. லினன் அக்காவின் தோளுக்கு மேலாகக் கணவரின் முகம் திரைக்குள் வந்தது. பள்ளியை விட்டபின் ஒரு புத்தகத்தைக்கூடத் திறந்து பார்க்காத மனிதர் அவர்.

“அந்தக் கதை எனக்கும் தெரியும்மா. அந்தப் பொண்ணோட அப்பன் கொஞ்சம் மரமண்டை, லேட்டாத்தான் புரிஞ்சுது. ஆனா இப்ப கதவைத் திறந்து வெச்சுட்டு வாசல்லதான் உக்காந்திருக்கான்.”

மகள் ஒரு முறை தலையசைத்தாள். சரிப்பா என்றாள். பிறகு எல்லோரும் வழக்கம்போல விடைபெற்றுக்கொண்டார்கள். திரை அணைந்ததும், அடுத்து யாரைப் போய்க் கேட்பது என்று கணவர் மனைவியிடம் கேட்டார். லினன் அக்காவுக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான்.

நூலகர் எதற்கு, ஏன் என்று கேட்கவில்லை. கணினியைத் திறந்து, அந்த நகரத்தில் இத்தகைய பெண்களுக்கு உதவும் அமைப்பு ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தார். மொழி தெரியாத அந்தத் தம்பதிக்காகத் தாமே பேசினார். புத்தக ஆண்டைப் பார்க்காமல் ஏமாந்த லினன் அக்கா, அந்த அமைப்பு இப்போதும் இருக்கிறதா, நன்றாகப் பார்த்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். இருந்தது. சில நாட்களுக்குப் பிறகு, மாப்பிள்ளை வேலைக்குப் போனபின் ஒரு காலையில், இரண்டு பெண்கள் மகள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அந்த நாட்டுப் பெண்கள். அவர்களுடைய பெயர்கூட லினன் அக்காவுக்குத் தெரியாது. கடவுச்சீட்டு அவனிடம் இருந்ததால் பயணத்துக்கு வேறு ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. அதுவரை மகளை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். இடையில் மாப்பிள்ளை வீட்டார் வந்து பேசியதையும், உறவினர் சிலர் மூக்கின்மேல் விரல் வைத்ததையும் இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கணவர் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னார்: என் பெண் வீட்டுக்கு வருகிறாள்.

விமான நிலையத்தில் மகள் ஒரே ஒரு பையோடு வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள். இங்கத்திய வெயிலுக்குச் சற்றும் பொருந்தாத கனத்த மேலங்கியைக் கழற்றாமலே காரில் ஏறினாள். அப்பா முன்னிருக்கையில், தாயும் மகளும் பின்னால். ஓட்டுநருக்குக் காருக்குள்ளிருந்த மௌனம் பிடிக்கவில்லை போலும். கண்ணாடியில் பார்த்து, எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தார். அப்பா நாட்டின் பெயரைச் சொன்னார். நல்ல ஊராமே, எப்படி இருக்கும் என்று ஓட்டுநர் மகளைக் கேட்டார்.

“தெரியலைங்க,” என்றாள் மகள். “நான் அந்த ஊரைப் பாக்கல.”

ஓட்டுநர் அதன் பிறகு சாலையை மட்டும் பார்த்தார். லினன் அக்கா மகளின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வெகுதூரம் போனபின், ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்த மகள் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“அந்த ஊர்ல ஆறு இருக்காம்மா?”

“இருக்கு. குளிர்ல உறைஞ்சு போயிடுமாம். சனங்க அது மேலயே நடந்து அக்கரைக்குப் போவாங்களாம். நான் படிச்சது பழைய காலம்டா, இப்ப எப்படியோ தெரியாது.”

“பரவால்ல. சொல்லு.”

லினன் அக்கா சொல்லத் தொடங்கினார்.